ஒன்பது நிமிடத்தில் விழுந்த பள்ளம்: மின்தேவை வரைபடத்தைப் படிப்பது எப்படி?

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா பொதுமுடக்கம் நடைமுறையில் இருந்த நிலையில், இரவு 9 மணி முதல் 9 நிமிடங்களுக்கு வீடுகளில் மின்விளக்குகளை அணைத்து அகல் விளக்கு ஏற்றுமாறு பிரதமர் நரேந்திர மோடி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலானோருக்கு அது ஓர் அடையாள நிகழ்வு. நாட்டின் மின்தொகுப்பை இயக்கும் பொறியாளர்களுக்கோ, அதற்கு முன்பு ஒருபோதும் வரையப்படாத ஒரு கோட்டை முன்கூட்டியே கற்பனை செய்து பார்க்க வேண்டிய நெருக்கடி.

விளக்குகள் அணைவதால் 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையக்கூடும் என்று அதிகாரிகள் மதிப்பிட்டனர். உண்மையில் குறைந்ததோ அதைப்போல இரு மடங்குக்கும் அதிகம். மின்தொகுப்பு இயக்க நிறுவனமான பொசோகோ (தற்போது கிரிட் இந்தியா) வெளியிட்ட முதற்கட்ட விவரங்களின்படி, இரவு 8.45 மணிக்குச் சரியத் தொடங்கிய தேவை, 9.10 மணிக்கு 85,799 மெகாவாட்டைத் தொட்டது. மொத்தச் சரிவு 31,089 மெகாவாட். பின்னர் மீண்டும் ஏறி, 10.10 மணி அளவில் சுமார் 1,14,400 மெகாவாட்டில் நிலைகொண்டது.

இந்த எண்களை ஒரு தாளில் குறித்து இணைத்தால் ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தின் ஆழம் எல்லோருடைய கண்ணிலும் படும். அன்று கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்கள் அஞ்சியது ஆழத்துக்காக மட்டுமல்ல. பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களும் எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்பதற்காகவும்தான்.

உயரம் வேறு, சாய்வு வேறு

காலத்தோடு மாறும் எந்த அளவையும் காட்டும் வரைபடத்தில் கிடைமட்ட அச்சு நேரத்தையும், செங்குத்து அச்சு அந்த அளவையும் குறிக்கும். கோட்டின் உயரம், அந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்கிறது. கோட்டின் சாய்வு, எவ்வளவு வேகமாக மாறியது என்பதைச் சொல்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு செய்திகள். உயரம் மெகாவாட்டில் அளக்கப்பட்டால், சாய்வு 'நிமிடத்துக்கு இத்தனை மெகாவாட்' என்று அளக்கப்படும்.

ஏப்ரல் 5 இரவு 25 நிமிடங்களில் 31,089 மெகாவாட் குறைந்தது. அதாவது, சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 1,240 மெகாவாட். இது எத்தகைய வேகம் என்பதை அறிய நிலக்கரி மின்நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வகுத்த விதிமுறைகளின்படி, நிலக்கரி மின்அலகு ஒன்று தன் திறனில் 70 முதல் 100 சதவீதம் வரையிலான அளவில் இயங்கும்போது, நிமிடத்துக்குக் குறைந்தபட்சம் 3 சதவீத வேகத்தில் உற்பத்தியைக் கூட்டவோ குறைக்கவோ இயல வேண்டும். 500 மெகாவாட் அலகுக்கு இது நிமிடத்துக்கு 15 மெகாவாட். அன்றைய சராசரிச் சரிவை நிலக்கரியை மட்டுமே கொண்டு ஈடுகட்டுவதென்றால், இத்தகைய 80-க்கும் மேற்பட்ட அலகுகள் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், பிசகின்றி இறங்கியிருக்க வேண்டும். கொதிகலன்கள் அப்படிப் பழகியவை அல்ல.

எனவே பொறியாளர்கள் நீர்மின் நிலையங்களை நாடினர். சுழலிக்குச் செல்லும் நீரைக் குறைத்தால் உற்பத்தி உடனடியாகக் குறையும். கூட்டினால் உடனடியாகக் கூடும். ஆனால், ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் ஒன்றைத்தான் இறக்க முடியும். மாலையில் நீரைச் சேமித்து வைத்து, நிகழ்வுக்குச் சற்று முன்பாக நீர்மின் உற்பத்தியை மேலே ஏற்றி நிறுத்த வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. இரவு 8.45 மணிக்கு 25,559 மெகாவாட்டாக இருந்த நீர்மின் உற்பத்தி, 9.10 மணிக்கு 8,016 மெகாவாட்டாக இறக்கப்பட்டது. அடுத்த 17 நிமிடங்களில் மீண்டும் 19,012 மெகாவாட்டுக்கு ஏற்றப்பட்டது. சரிவின் எஞ்சிய பகுதியில் பெரும்பங்கை அனல், எரிவாயு, காற்றாலை நிலையங்கள் ஏற்றுக்கொண்டன.

தேவையின் கோட்டையும் நீர்மின் உற்பத்தியின் கோட்டையும் ஒரே தாளில் வரைந்தால், ஒன்று மற்றொன்றின் நிழல்போல் இறங்கி ஏறுவதைக் காணலாம். இரண்டின் உயரங்களும் வேறுபட்டவை. ஒன்று லட்சத்தைத் தாண்டியது, மற்றொன்று அதில் நான்கில் ஒரு பங்கு. ஒத்துப்போவது அவற்றின் வடிவம். ஒரு கோட்டின் மாற்றத்தை இன்னொரு கோடு எப்படித் தாங்கியது என்பது உயரங்களை ஒப்பிட்டால் விளங்காது. சாய்வுகளை ஒப்பிட்டால்தான் விளங்கும்.

மூன்றாவது கோடு

இவ்விரண்டு கோடுகளுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விழுந்தது என்பதை மூன்றாவது வரைபடம் ஒன்று காட்டிக்கொடுக்கிறது. அது மின்தொகுப்பின் அதிர்வெண் வரைபடம். இந்தியாவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்றுகள், அதாவது 50 ஹெர்ட்ஸ் என்ற அளவில் பேணப்படுகிறது. உற்பத்தி தேவையை மிஞ்சினால் மின்னாக்கிகள் சற்று வேகமாகச் சுழன்று அதிர்வெண் உயரும். தேவை மிஞ்சினால் தாழும். தென்மாநிலங்களின் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-இல் எஞ்சிய இந்தியத் தொகுப்புடன் இணைக்கப்பட்டதிலிருந்து, ஸ்ரீநகரிலும் சென்னையிலும் ஒரே அதிர்வெண்தான்.

அன்றிரவு அதிர்வெண்ணின் மிகக் குறைந்த அளவு 49.707 ஹெர்ட்ஸ்; பதிவான நேரம் 8.49 மணி. மிக உயர்ந்த அளவு 50.259 ஹெர்ட்ஸ்; நேரம் 9.08 மணி. முதல் எண் வியப்பூட்டக்கூடியது. தேவை குறையத் தொடங்கிய பின்னர் அதிர்வெண் உயரவேண்டும் அல்லவா? ஆனால் 8.49 மணிக்கு அது தாழ்ந்து கிடந்தது. அதாவது, அதற்குச் சற்று முந்தைய நிமிடங்களில் உற்பத்தி தேவைக்குக் கீழே இருந்திருக்கிறது. பெரும் சரிவு வரும்போது அதிர்வெண் மேலே எகிறும் என்பதால், தொடக்கத்தில் அதைத் தாழ்வாக வைத்துக்கொள்வது மேலே போதிய இடம் விட்டுவைப்பதற்கு ஒப்பாகும். தேவையின் கோட்டை மட்டும் பார்த்தவருக்கு இந்த ஆயத்தம் கண்ணில் படாது.

இடைவெளி அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டில் முன்னுதாரணம் உண்டு. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் அடுத்தடுத்து முடங்கி, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. அதன் காரணங்கள் வேறு என்றாலும், தொகுப்பு நிலைகுலைந்தால் விளையும் பாதிப்பு எத்தகையது என்பதைப் பொறியாளர்கள் மறந்திருக்கவில்லை.

அச்சு எங்கே தொடங்குகிறது?

வரைபடத்தைப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கோட்டை அல்ல, அச்சை. செங்குத்து அச்சு சுழியிலிருந்து தொடங்குகிறதா, நடுவிலிருந்து தொடங்குகிறதா என்பதே கோட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது.

ஏப்ரல் 5 இரவின் அதிர்வெண்ணைச் சுழியிலிருந்து 60 வரையிலான அச்சில் வரைந்தால், ஏறத்தாழ ஒரு நேர்கோடுதான் கிடைக்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். 49.5 முதல் 50.5 வரையிலான அச்சில் வரைந்தால் மலையும் பள்ளத்தாக்குமாகக் காட்சியளிக்கும். எது சரி? இங்கே இரண்டாவதுதான் சரி. மின்தொகுப்பு விதிகளின்படி அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்தக் குறுகிய வரம்பைத் தாண்டியதா என்பதே கேள்வி என்பதால், அந்த வரம்பு தெளிவாகத் தெரியும் அச்சே பொருத்தமானது.

மின்தேவைக்கு இது பொருந்தாது. 80,000-இல் அச்சைத் தொடங்கினால், நாட்டின் மின்தேவை ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது போன்ற படம் கிடைக்கும். உண்மையில் குறைந்தது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மின்விசிறிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் மருத்துவமனைகளும் தெருவிளக்குகளும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அச்சைச் சுழியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பள்ளிக்கூட விதி நல்ல விதிதான். ஆனால் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. எந்த அளவு மாற்றம் பொருட்படுத்தத்தக்கது என்பதை அறிந்த பிறகே அச்சைத் தேர்வு செய்ய முடியும்.

கிடைமட்ட அச்சிலும் ஒரு பொறி உண்டு. இந்திய மின்துறையில் ஒரு நாள், தலா 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. மின்விற்பனையும் கணக்குவழக்கும் இந்தப் பகுதிகளின் அடிப்படையில்தான் நடைபெறுகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி என்ற கணக்கில் 96 புள்ளிகளை வைத்து ஏப்ரல் 5-இன் வரைபடத்தை வரைந்தால், 9.00 முதல் 9.15 வரையிலான புள்ளி 85,799-ஐவிட உயரத்தில் நிற்கும். அந்தக் கால்மணி நேரத்துக்குள் தேவை சரிந்து, அடியைத் தொட்டு, மீளத் தொடங்கியது மூன்றும் ஒரே சராசரியில் கரைந்துவிடும். நாள் ஒன்றுக்கு ஒரே புள்ளி வைத்தால் பள்ளமே இராது. மாற்றம் நிகழும் வேகத்தைவிட இடைவெளி குறுகிய அளவீடுகள் இல்லாவிட்டால், வரைபடம் பொய் சொல்லாது. ஆனால் நடந்ததைச் சொல்லவும் செய்யாது. நிமிடத்துக்கு 1,240 மெகாவாட் என்று மேலே கூறப்பட்டதும் 25 நிமிடச் சராசரிதான். 9 மணியை ஒட்டிய சில நிமிடங்களில் சரிவு அதைவிடச் செங்குத்தாக இருந்தது.

சொற்களிலிருந்து கோடு

படிப்பதைவிட வரைவது கடினம். எண்கள் தரப்படாமல், நிகழ்வின் விவரிப்பு மட்டும் தரப்பட்டு வரையச் சொல்லும்போது மாணவர்கள் தடுமாறுவது இதனால்தான். சூரிய மின்நிலையம் ஒன்றின் ஒருநாள் உற்பத்தியை எடுத்துக்கொள்ளலாம். மேகமற்ற நாள், சூரியன் காலை 6 மணிக்கு எழுந்து மாலை 6 மணிக்கு மறைகிறது என்று கொள்வோம்.

முதலில் உறுதியாகத் தெரிந்த புள்ளிகளை வைக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை 6 வரை சுழி. மாலை 6 முதல் நள்ளிரவு வரை சுழி. நண்பகலை ஒட்டி உச்சம். இவற்றை அளவுகோல் வைத்து இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அது தவறு. முற்பகலில் உற்பத்தி விறுவிறுவென ஏறுகிறது. நண்பகலை நெருங்க நெருங்க ஏற்றத்தின் வேகம் தணிகிறது. உச்சியில் ஒரு கணம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பின்னர் மெல்ல இறங்கத் தொடங்கி, பிற்பகலில் வேகமாகச் சரிகிறது. ஆகவே கோடு உருண்டையான குன்றுபோல வளைய வேண்டும்.

காலை 11 மணிக்கு உற்பத்தி 9 மணியைவிட அதிகம். ஆனால் ஏறும் வேகம் 9 மணியைவிடக் குறைவு. 'வேகம் குறைகிறது' என்பதை 'அளவு குறைகிறது' என்று கொண்டு, மாணவர்கள் கோட்டைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவதுண்டு. பெரியவர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள். 'பணவீக்கம் குறைந்தது' என்ற செய்தியைப் படித்துவிட்டு, கடையில் விலை குறையவில்லையே என்று கேட்பவர்கள் பலர். பணவீக்கம் என்பது விலைக்கோட்டின் சாய்வு. 6 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக அது குறைந்தால், விலைகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்பைவிட மெதுவாக ஏறுகின்றன, அவ்வளவே.

ஒரே பரப்பு, வேறு வடிவம்

உயரத்துக்கும் சாய்வுக்கும் அப்பால், கோட்டுக்கும் கிடைமட்ட அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பிலும் செய்தி இருக்கிறது. மின்தேவை வரைபடத்தில் அந்தப் பரப்பு, நுகரப்பட்ட மொத்த மின்சாரம். மெகாவாட்டை மணியால் பெருக்கினால் மெகாவாட்-மணி. அதில் ஒன்று, நுகர்வோர் அறிந்த கணக்கில் 1,000 யூனிட்.

இரண்டு நகரங்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் நகரில் 24 மணி நேரமும் தேவை 100 மெகாவாட். வரைபடம் ஒரு செவ்வகம். பரப்பு 2,400 மெகாவாட்-மணி, அதாவது 24 லட்சம் யூனிட். இரண்டாவது நகரில் 18 மணி நேரம் 80 மெகாவாட். மாலையும் இரவுமான 6 மணி நேரம் 160 மெகாவாட். பரப்பைக் கணக்கிட்டால் 1,440-உம் 960-உம் சேர்ந்து அதே 2,400. இரு நகரங்களும் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் முதல் நகருக்கு 100 மெகாவாட் திறன் போதும். இரண்டாவது நகருக்கு 160 மெகாவாட் வேண்டும். அதில் பாதி, நாளின் முக்கால் பங்கு நேரம் வேலையின்றிக் கிடக்கும். அந்த நிலையத்துக்கான கடனுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு, இயங்கிய சில மணி நேர மின்சாரத்தின் விலையில்தான் ஏற்றப்படும்.

மாலை ஏற்றம்

இந்த வடிவம்தான் இன்று நாட்டின் மின்திட்டமிடலில் முதன்மையான கவலையாகியுள்ளது. 2024 மே 30-ஆம் தேதி இந்தியாவின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டை, அதாவது 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. மறுபுறம், நிறுவப்பட்ட சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் 100 ஜிகாவாட்டைக் கடந்தது. இரண்டு கோடுகளையும் தனித்தனியே பார்த்தால் கவலைக்குரியதாக எதுவும் தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கும்போதுதான் நிலைமை புலப்படுகிறது.

எளிய கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை குறிப்பிட்ட எந்த நாளின் புள்ளிவிவரமும் அல்ல. நண்பகலில் தேவை 180 ஜிகாவாட், சூரிய மின்சாரம் 60. மற்ற நிலையங்கள் தர வேண்டியது 120. மாலை 4 மணிக்குத் தேவை 175, சூரிய மின்சாரம் 30. மற்றவை தர வேண்டியது 145. இரவு 7 மணிக்குத் தேவை 190, சூரிய மின்சாரம் இல்லை. எனவே 190-உம் மற்றவையே தர வேண்டும். மாலை 4 முதல் 7 வரை மக்களின் தேவை 15 ஜிகாவாட்தான் கூடியது. மற்ற நிலையங்களின் மீது விழுந்த சுமையோ 45 ஜிகாவாட். நிமிடத்துக்கு 250 மெகாவாட் ஏற்றம், அதுவும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு. கழித்துப் பெறப்பட்ட இந்தக் கோடு பகலில் குழிந்து மாலையில் நிமிர்வதால், அதன் தோற்றத்தைக் கொண்டு கலிஃபோர்னிய மின்தொகுப்புப் பொறியாளர்கள் அதற்கு 'வாத்து வளைவு' என்று பெயரிட்டனர். பெயர் வேடிக்கையாக இருந்தாலும் அதன் கழுத்து செங்குத்தானது.

2020-இல் நிகழ்ந்தது ஓர் இரவின் பள்ளம். அதற்கு நாளும் நேரமும் முன்கூட்டியே தெரிந்திருந்தன. மாலை ஏற்றமோ நாள்தோறும் வருவது, சூரிய மின்திறன் கூடக்கூடச் செங்குத்தாவது. அதைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று, பகலில் மிகுந்திருக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரை மேல்நிலை நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 900 மெகாவாட், தமிழகத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் திறன் கொண்ட இத்தகைய நிலையங்கள் உள்ளன. பேட்டரிகளும் இதே பணியைச் செய்கின்றன. இரண்டுமே குழியை நிரப்பிக் கழுத்தைத் தாழ்த்துகின்றன.

மற்றொரு வழி, நுகர்வோரின் கோட்டையே வளைப்பது. மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், நேரத்துக்கு ஏற்ற மின்கட்டணத்தை வகுத்துள்ளன. மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் வரையறுக்கும் நாளொன்றுக்கு 8 மணி நேரச் சூரிய நேரத்தில், கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வணிக, தொழில் நுகர்வோருக்கு வழக்கத்தைப்போல் குறைந்தபட்சம் 1.20 மடங்கும், மற்றவர்களுக்கு 1.10 மடங்கும் வசூலிக்க விதிகள் வகை செய்கின்றன. வேளாண் நுகர்வோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. இதற்கு நேரவாரியாகக் கணக்கிடும் ஸ்மார்ட் மீட்டர் தேவை.

அந்த மீட்டர் பொருத்தப்பட்ட வீட்டில், மாதக் கடைசியில் எத்தனை யூனிட் என்ற ஒற்றை எண் மட்டும் கட்டணத்தைத் தீர்மானிக்காது. சலவை இயந்திரம் நண்பகலில் ஓடியதா, இரவு 8 மணிக்கு ஓடியதா, தண்ணீர் மோட்டார் எப்போது போடப்பட்டது என்பதும் கணக்கில் சேரும். பரப்பு மாறாமல் வடிவம் மட்டும் மாறினாலும் தொகை மாறும்.